13 க்கு 3: வன்னி வைத்தியசாலை ஒன்றின் பிரசவ விடுதியில் ஆறு நாள்

சாப்பாட்டுக் கடைக்கும் கைத்தொலைபேசிக்கும் பக்கம் பக்கமாக அபிப்பிராயம் எழுதுகின்ற நாங்கள், பிள்ளை பெற்று வந்த விடுதியைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் "தாயும் பிள்ளையும் சுகம்" என்ற மூன்று சொல்லோடு முடித்துக்கொள்கிறோம். கடந்த கார்த்திகையில் என் முதற் பிள்ளையை, மருந்து கொடுத்து நோ வரவழைத்து, வன்னியிலுள்ள அரச வைத்தியசாலை ஒன்றிலே பெற்றேன். அந்த ஆறு நாளும் எனக்குக் கிடைத்த சேவையைப் பற்றியது இந்தக் குறிப்பு. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து மாங்குளம் சந்திக்கு வந்து ஏ-9 வீதியில் ஏறினால் வடக்கே கிளிநொச்சி, தெற்கே வவுனியா. மற்றப் பக்கம் போனால் முல்லைத்தீவு. நான் போனது எது என்று சொல்லப்போவதில்லை. நான் குறையாக எழுதுபவற்றுள் பெரும்பாலானவை ஒரு விடுதிக்கு மட்டும் உரியவை அல்ல என்பதைப் பிற தாய்மாரோடு கதைத்தபோது தெரிந்துகொண்டேன். நிறைவாக எழுதுபவையும் அப்படியே.

குறித்த திகதி கடந்து ஐந்து நாளாகியும் எனக்கு வயிற்றில் ஒரு சுருக்கும் வரவில்லை. அம்மாவுக்கு அதில் கவலையே இருக்கவில்லை. 1996 இன் கடைசியில், கிளிநொச்சி நகரமே இடம்பெயர்ந்திருந்த காலத்தில், மல்லாவிப் பக்கம் ஒரு கொட்டிலில், மருத்துவிச்சி ஒருவரின் கையில் என்னைப் பெற்றவர் அவர். "காய் பழுத்தால் தானா விழும், ஏன் தடி போட்டு அடிக்கினம்?" என்பது அவருடைய கட்சி. எங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவமாதிடம் அதற்கு மறுமொழி இருந்தது. "பழம் இருக்கிற கொப்புக்கும் வயசு போகுது எல்லோ, அம்மா" என்றார். நச்சுக்கொடிதான் அந்தக் கொப்பு. 41 வாரம் கடந்தால் நச்சுக்கொடியின் வேலை சிலருக்குத் தளரத் தொடங்கும், பனிக்குட நீர் குறையும், பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோகும் ஆபத்து சிறிது சிறிதாகக் கூடும். 41 வாரம் நிறைந்தது நிச்சயமென்றால் பிரசவத்தைத் தூண்டலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது இதனால்தான். நிச்சயம் என்ற சொல் இங்கே முக்கியமானது. மாதவிடாய்த் திகதி ஞாபகமில்லாதவர்களுக்கு ஆரம்ப மாதங்களில் எடுத்த ஸ்கான்தான் கணக்கு. பிந்தி எடுக்கும் ஸ்கானில் வாரக்கணக்கு முன்பின்னாகும். நான் 12 ஆவது வாரத்தில் எடுத்திருந்தேன்.

எங்கள் ஊருக்கு வைத்தியத்தோடு சம்பந்தப்படாத இன்னொரு காரணமும் உண்டு. கார்த்திகை மழையில் குளம் வான் பாயத் தொடங்கினால் எங்கள் கிரவல் பாதையில் ஓட்டோவும் வராது. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியும் தார் வீதியோடு நின்றுவிடும். இரவு இரண்டு மணிக்கு நோ எடுத்தால் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே 40 வாரமும் 5 நாளும் ஆன திங்கட்கிழமை, கிளினிக் வைத்தியர் அனுமதித் துண்டு எழுதித் தந்தபோது நான் மறுக்கவில்லை. இந்த முடிவை இன்றும் சரியென்றே சொல்வேன்.

அனுமதி விரைவாக நடந்தது. கர்ப்பிணிப் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருந்தபடியால் வாசலில் கேள்வி குறைவு. இரத்த வகை, சீனி, குருதிச்சோகை, ஸ்கான் எல்லாம் அந்த மடித்த அட்டைக்குள் இருந்தன. ஊரில் மாதாமாதம் மருத்துவமாது அதில் எழுதும் போது "இதெல்லாம் என்னத்துக்கு" என்று நினைத்ததுண்டு. அன்று அந்த அட்டைதான் எனக்காகப் பேசியது. பிரசவத்துக்கு முந்திய விடுதியில் கட்டில் கிடைத்தது, விரிப்புச் சுத்தமாக இருந்தது, மின்விசிறி சுற்றியது, நுளம்பு வலை இருக்கவில்லை. மழைகாலத்து வன்னியில் நுளம்பு வலை இல்லாத கர்ப்பிணி விடுதி என்பது சிறிய குறை அல்ல. முதல் இரவு முழுவதும் முழங்காலுக்குக் கீழே சாரத்தால் சுற்றிக்கொண்டு படுத்தேன்.

செவ்வாய் காலை விடுதிச் சுற்று வந்தது. நிபுணர், இரண்டு இளம் வைத்தியர்கள், தாதி, குறிப்பெடுக்க ஒருவர் என்று ஐந்தாறு பேர் என் கட்டிலைச் சுற்றி நின்று ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் கதைத்துவிட்டு, ஒரு நிமிடத்துக்குள் அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். பின்னர் இளம் வைத்தியர் ஒருவர் திரையை இழுத்துவிட்டு உட்பரிசோதனை செய்தார். முடிந்ததும் தாதியைப் பார்த்து "மூன்று" என்று ஆங்கிலத்தில் சொன்னார், தாதி எழுதிக்கொண்டார். நான் பத்தாம், பதினோராம் தரங்களுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஒருவர் மூன்று என்று எழுதும்போது எத்தனைக்கு மூன்று என்று கேளாமல் இருக்க எனக்கு முடியாது. கேட்டேன்.

அந்த வைத்தியர் சிங்களவர். தமிழ் கொஞ்சம்தான் வரும். ஆனால் கேள்வி பிடித்துவிட்டது போலும், முகம் மலர்ந்தது. கழற்றிப் போட்ட கையுறையின் கடதாசி உறை தட்டில் கிடந்தது. அதன் வெள்ளை உட்பக்கத்தைத் திருப்பி வைத்து ஐந்து கோடு கீறினார். கருப்பைக் கழுத்து எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, எவ்வளவு மென்மையாக இருக்கிறது, முன்னோக்கியா பின்னோக்கியா இருக்கிறது, பிள்ளையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பன அந்த ஐந்தும். முதற்சொன்ன இரண்டுக்கும் தலை இறக்கத்துக்கும் உச்சம் மும்மூன்று புள்ளி, மற்ற இரண்டுக்கும் இரண்டிரண்டு, எல்லாமாக 13. அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் பிஷப் 1964 இல் வகுத்த கணக்கு இது. எட்டோ அதற்கு மேலோ இருந்தால் நோ தூண்டுவது சுலபம். ஆறும் அதற்குக் குறைவும் என்றால் முதலில் கழுத்தைப் பழுக்க வைக்க வேண்டும். என்னுடையது 13 க்கு 3. "அம்மா, பெயில் இல்ல. ரெண்டு நாள் வேணும்" என்றார். வகுப்பில் மூன்று எடுக்கும் பிள்ளைக்கு நான் ஒருநாளும் இப்படி ஆறுதலாகச் சொன்னதில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

அந்தக் கையுறைக் கடதாசியை மடித்துப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டேன். ஆறு நாளில் எனக்கு எழுத்தில் கிடைத்த விளக்கம் அது ஒன்றுதான். அதற்குச் செலவானது இரண்டு நிமிடம். என் விடுதியில் அதே காரணத்துக்காகப் படுத்திருந்த மற்ற ஐந்து பேரிடமும் கேட்டேன். தங்களுக்கு என்ன செய்யப்போகிறார்கள், ஏன் காத்திருக்கிறோம் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. "நாளைக்குப் பாப்பம்" என்பதே எல்லோருக்கும் கிடைத்த பதில். தூண்டிப் பிரசவிப்பது பெரும்பாலும் காத்திருப்புத்தான். காரணம் தெரிந்தால் அது வைத்தியம். தெரியாவிட்டால் தன்னை மறந்துவிட்டார்கள் என்றுதான் எவளுக்கும் தோன்றும். மூன்றாம் கட்டிலில் இருந்த விசுவமடுத் தங்கச்சி இரண்டு நாளாக அழுதுகொண்டிருந்தார். தன்னைச் சீசருக்குத்தான் வைத்திருக்கிறார்கள், வீட்டாருக்குத் தெரியாமல் மறைக்கிறார்கள் என்று அவர் நம்பியிருந்தார். கடதாசியைக் காட்டிச் சொன்னபோது அழுகை நின்றது. அது என் வேலை அல்ல; விடுதியின் வேலை.

புதன்கிழமை, சரியாக 41 வாரம், காலை எட்டரைக்கு எனக்குக் குழாய் வைத்தார்கள். இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும்; ஏனென்றால் எங்கள் பெண்களிடையே மருந்தைவிட இந்தக் குழாய்க்குத்தான் பயம் அதிகம். அது சிறுநீர் கழிக்க முடியாதவர்களுக்கு வைக்கும், ஃபோலி (Foley) என்ற பெயருடைய அதே குழாய்தான். இறப்பரால் ஆன, சுண்டுவிரலைவிட மெலிந்த குழாய். நுனியில் ஊதினால் வீங்கும் சிறிய பலூன். அதைக் கருப்பைக் கழுத்தினூடாக உள்ளே செலுத்தி, மறுமுனையிலுள்ள வால்வின் வழியே ஊசிக்குழலால் கிருமி நீக்கிய நீரை ஏற்றுகிறார்கள். எனக்கு 60 மில்லிலீற்றர். பலூன் வீங்கிக் கழுத்தின் உள்வாசலில் இருந்து அழுத்த, வெளியே வரும் குழாயைச் சற்று இழுத்துத் தொடையில் பிளாஸ்ரரால் ஒட்டிவிடுவார்கள். அந்த அழுத்தத்தாலும், அதனால் உடலே சுரக்கும் பதார்த்தங்களாலும் கழுத்து மெல்ல மெல்ல இளகும். வைக்கும்போது நோவு உண்டு, ஆனால் அலறும் நோவு அல்ல. மாதவிடாயின் முதல் நாள் அடிவயிறு பிடிப்பது போன்றது. ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் முடிந்தது. என்னைச் சிரமப்படுத்தியது தொடையில் ஒட்டிய பிளாஸ்ரர்தான். வியர்வையில் மூன்று தடவை கழன்றது, மூன்று தடவையும் வேறு வேறு கோணத்தில் ஒட்டினார்கள்.

சிறுநீர்க் குழாய் என்று எல்லோருக்கும் பழக்கமான பொருளை வேறிடத்தில் வைத்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். எதிர்க்கட்டில் அக்கா தனக்குக் குழாயைப் பிழையான இடத்தில் வைத்துவிட்டார்கள், சிறுநீர் வரவில்லை என்று மாமியாரிடம் தொலைபேசியில் முறையிட, மாமியார் பார்வையாளர் நேரத்தில் வந்து தாதியோடு வாக்குவாதப்பட, விடுதி முழுவதும் சிரிப்பும் பதற்றமுமாகப் போனது. தாதிக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தாலும், குழாய் வைக்குமுன் இரண்டு வசனம் சொல்லியிருந்தால் அந்தக் கோபத்துக்கே இடமிருந்திராது.

குழாயோடு நடக்கலாம், சாப்பிடலாம், மலசலகூடம் போகலாம். நடக்கும்படியும் சொன்னார்கள். தாழ்வாரத்தில் மழையைப் பார்த்துக்கொண்டு நானும் இன்னும் இரண்டு பேரும் சோட்டியோடு மேலும் கீழுமாக நடந்த அந்தப் பின்னேரம், சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த ஆறு நாளின் நல்ல பொழுதாக இருந்தது. இரவு இரண்டரைக்கு மலசலகூடத்தில் குழாய் தானாகவே விழுந்தது. பயந்துபோய் ஓடி வந்து சொன்னேன், இரவுப் பணியிலிருந்த மருத்துவமாது, அறுபதை நெருங்கும் அம்மா, விழுந்த பலூனை ரோச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "விழோணும் எண்டுதானே வைச்சது, பிள்ளை. போய் ஒரு கண் நித்திரை கொள்ளும், நாளைக்கு வேலை இருக்கு" என்றார். பலூன் வெளியே வந்தால் கழுத்து மூன்று நான்கு சென்ரிமீற்றர் திறந்துவிட்டது என்று பொருள். வியாழன் காலை அதே வைத்தியர் மறுபடி பார்த்து, விரல்களால் எட்டு என்று காட்டினார்.

குழாய் ஒன்றே வழி என்று எண்ண வேண்டாம். சிலருக்குக் கழுத்தை இளக்கும் புரொஸ்ரகிளாண்டின் மருந்து வில்லையை யோனிக்குள் வைப்பார்கள். சிலருக்கு வைத்தியர் விரலால் பனிக்குடச் சவ்வைக் கருப்பைச் சுவரிலிருந்து விலக்கிவிட்டாலே போதும். முன்னர் சீசர் செய்தவர்களுக்குத் தையல் தழும்பைக் கருதி மருந்து விடயத்தில் மிகக் கவனமாக இருப்பார்கள். ஆகவே அடுத்த கட்டிலில் செய்தது எனக்கு ஏன் செய்யவில்லை என்று ஒப்பிட்டு மனம் புழுங்குவது வீண்.

பிரசவ அறைக்கு வியாழன் எட்டு மணிக்கு எடுத்தார்கள். பனிக்குடத்தை உடைப்பதற்கு நோவே இல்லை. நீளமான கொக்கி ஒன்றைக் கண்டதும் எழும் பயம்தான் நோவு. சுடுதண்ணீர் கொட்டுண்டது போல் இருந்தது. நீர் தெளிவாக இருக்கிறது, பிள்ளை மலம் கழிக்கவில்லை, நல்லது என்று மருத்துவமாது சொன்னார். ஒன்பது மணிக்கு ஒட்சிற்றோசின் சேலைன் ஏற்றினார்கள்.

இந்த ஒட்சிற்றோசினைக் கபச்சுரப்பியின் பின் சோணையிலிருந்து வெளிவரும் ஓமோன் என்று மனனம் செய்து பரீட்சை எழுதியவள் நான். 1953 இல் ஆய்வுகூடத்தில் முதன்முதலாகத் தொகுக்கப்பட்டு, தொகுத்தவருக்கு 1955 இல் இரசாயனவியல் நோபல் பரிசையும் வாங்கிக் கொடுத்த பதார்த்தம். மருத்துவமாது அதைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, சின்னக் கண்ணாடிக் குப்பியின் கழுத்தை முறித்து, சேலைன் பைக்குள் ஏற்றி, மணிக்கூட்டைப் பார்த்துத் துளி எண்ணினார். முதலில் நிமிடத்துக்கு 10. அரை மணிக்கொரு தடவை கூட்டினார். துளி விழும் சின்னக் கூண்டையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்; எனக்கு வரப்போகும் நோவின் அளவை வெளியே நின்று ஒருவர் சிறிய சில்லொன்றை உருட்டித் தீர்மானிக்கிறார் என்பது விநோதமான உணர்வு. பத்து நிமிடத்துக்கு மூன்று நான்கு நோ வரும் வரை கூட்டுவார்கள். ஐந்துக்கு மேல் போனால் பிள்ளைக்கு ஒட்சிசன் குறையும் என்பதால் குறைப்பார்கள். பதினொன்றரை மணியளவில் எனக்கு அப்படிக் குறைத்தார்கள். யாரும் கேட்டுக் குறைக்கவில்லை. வயிற்றில் உள்ளங்கையை வைத்தபடி பத்து நிமிடம் அசையாமல் நின்ற மருத்துவமாது, ஆறாவது நோ எழுந்தபோது தானே சில்லை உருட்டினார். வயிற்றுப் பட்டியில் கட்டிய இயந்திரம் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கடதாசியில் கீறிக்கொண்டிருந்தது. 110 இலிருந்து 160 வரை இருந்தால் பயமில்லை என்று முன்னரே வாசித்திருந்தேன். ஆனால் அந்த அறையில் நான் நம்பியது அந்த உள்ளங்கையைத்தான். இந்தச் சேவையில் முழுப் புள்ளி எதற்கு என்று கேட்டால் அதற்கே கொடுப்பேன்.

நோவைப் பற்றி ஒளிக்காமல் எழுதுகிறேன். தானாக வரும் நோ படிப்படியாக ஏறும் என்கிறார்கள். எனக்கு வந்தது அப்படி அல்ல. பத்து மணிக்குப் பகிடி விட்டுக்கொண்டிருந்தேன், பன்னிரண்டுக்குக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேச்சற்றுக் கிடந்தேன். இடைவெளி குறைவு, ஒன்று இறங்கி மூச்சு வாங்குமுன் அடுத்தது நாரியிலிருந்து சுற்றிக்கொண்டு வந்தது. பெத்தடின் ஊசி ஒன்று போட்டார்கள். நோவை அது எடுக்கவில்லை. நோவுக்கும் எனக்கும் இடையில் ஒரு தடித்த போர்வையைப் போட்டது, இரண்டு நோவுக்கிடையில் கண் அயரவும் வைத்தது. பிள்ளை பிறக்கும் நேரம் நெருங்கிவிட்டால் அதைப் போடமாட்டார்கள், பிள்ளையின் மூச்சு மந்தமாகும் என்பதால். ஆகவே கேட்க வேண்டுமானால் முன்னரே கேட்க வேண்டும். முள்ளந்தண்டில் ஊசி போட்டு நோவை மரக்கச் செய்யும் வசதி அங்கே இருக்கவில்லை.

என் பெரிய மனத்தாங்கல் நோ அல்ல, தனிமை. பிரசவ அறையில் மூன்று கட்டில், இடையிடையே திரை. தாய் விரும்பும் ஒருவர் துணைக்கு நிற்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனமே சொல்லும் விடயம். அம்மாவை விடச் சொல்லிக் கேட்டேன். மற்றக் கட்டில்களிலும் ஆள் இருக்கிறது, இன்று இயலாது என்றார்கள். திரையால் பிரித்த அறைக்குள் வெளியார் வந்தால் மற்றப் பெண்ணின் மானம் என்ன ஆவது என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதிலாகக் கிடைத்தது என்ன? காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை அம்மா வெளியே வாங்கில், என் கணவர் வாசல் மரத்தடியில். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. பகல் இரண்டு மணிக்கு ஒரு சிற்றூழியர் போய், "இன்னும் இல்லை, தாய் நல்லா இருக்கிறா" என்று சொல்லியிருக்கிறார். அம்மா அந்தச் சொல்லுக்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறார். மாடிக் கட்டடம் கேட்கவில்லை. இரண்டு மணிக்கொரு தடவை யாராவது வாசலுக்கு வந்து ஒரு வசனம் சொல்வதைத்தான் கேட்கிறேன்.

திரைக்கு அப்பால் பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒன்று கத்திக்கொண்டிருந்தது. "கத்தினால் பிள்ளை வருமே? மூச்சைப் பிடிச்சு முக்கும்!" என்று ஒரு தாதி அதட்டினார். அது அதட்டல்தான்; எழுதாமல் விட முடியாது. ஆனால் அதே தாதி, சற்று நேரத்தில் அந்தப் பிள்ளையின் அவிழ்ந்த தலைமயிரை அள்ளித் தன் கைப்பையிலிருந்த றபர் பாண்டால் கட்டிவிட்டதையும் திரை விலகிய இடைவெளியில் கண்டேன். மூன்று பெண்ணுக்கு அன்று பணியில் இருந்தவர்கள் இரண்டு பேர். இரண்டையும் எழுதுகிறேன், எதைக் கூட வைப்பது என்று எனக்கே தெரியவில்லை.

ஐந்து மணிக்கு 10 சென்ரிமீற்றர். ஆறு இருபதுக்கு மகள் பிறந்தாள், 3.1 கிலோ. கொடியை உடனே வெட்டாமல் ஏறத்தாழ இரண்டு நிமிடம் விட்டார்கள். அந்த நேரத்தில் நச்சுக்கொடியிலுள்ள இரத்தம் பிள்ளைக்குப் போய்ச் சேர்வதால் பின்னர் குருதிச்சோகை குறையும். துடைத்த கையோடு என் நெஞ்சில் வைத்துத் துணியால் போர்த்திவிட்டார்கள். தொடையில் ஓர் ஊசி. அதுவும் ஒட்சிற்றோசினே, இம்முறை இரத்தப்போக்கைத் தடுக்க. உள்ளே நான்கு தையல், மரக்க ஊசி போட்டுவிட்டுத்தான் தைத்தார்கள். காலையில் என்னை வதைத்த அதே ஓமோன்தான் பிள்ளை உறிஞ்சும்போது பாலையும் இறக்குகிறது என்பதை ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். மகள் வாய் வைத்ததும் அடிவயிறு இறுகியபோதுதான் படிப்பித்தது என்ன என்று விளங்கியது.

பால் கொடுக்கக் கற்பித்ததில் இந்த விடுதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடும்புப் பாலைப் பீச்சி ஊற்றும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. இங்கே ஒரு துளி வீணாக விடமாட்டார்கள். இரவுப் பணி மருத்துவமாது மூன்று தடவை எழும்பி வந்து, பிள்ளையின் வாயை அகலத் திறக்க வைத்து, முலைக்காம்பு மட்டுமல்லாமல் கறுத்த வட்டமும் உள்ளே போகும்படி பிடித்துக் காட்டினார். மூன்றாம் தடவையும் முகம் சுழிக்கவில்லை.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. சாப்பாடு மூன்று வேளையும் வந்தது. பருப்பும் கீரையும் நன்று, மத்தியானச் சோறு ஆறியிருக்கும். பிரசவத்துக்குப் பிந்திய விடுதியில் மலசலகூடம் தாழ்வாரத்தின் மறுமுனையில். தையலோடு அந்தத் தூரம் நடப்பது தண்டனை, அதிலும் பாதித் தரை மழைச் சாரலால் வழுக்கும். தண்ணீர் எப்போதும் வந்தது. பார்வையாளர் நேரம் கண்டிப்பு. செலவு என்று வைத்தியசாலைக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை. ஓட்டோவுக்கும், அம்மாவின் சாப்பாட்டுக்கும், பிள்ளைத் துணிக்கும் போனதே செலவு. யாழ்ப்பாணத்தில் தனியார் வைத்தியசாலைக்குப் போன என் மச்சாள் இதே குழாய், இதே சேலைன், இதே தையலுக்கு இலட்சக்கணக்கில் கட்டினார். அவருக்குத் தனி அறையும், கணவர் பக்கத்தில் நிற்கும் வசதியும் கிடைத்தன. அந்த இரண்டுக்கும் பெறுமதி இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நள்ளிரவில் சிக்கல் வந்தால் இரத்த வங்கியும் குழந்தை வைத்திய நிபுணரும் அருகில் இருக்க வேண்டும் என்பதை எண்ணினால் அடுத்த பிள்ளைக்கும் அரச வைத்தியசாலைக்கே போவேன்.

சனிக்கிழமை காலை பிள்ளைக்கு பீசீஜீ ஊசி போட்டு, வளர்ச்சிப் பதிவேடும் தந்து அனுப்பினார்கள். வீட்டில் காயம் அரைத்து வைத்திருந்தார்கள். நொச்சியிலை அவித்த தண்ணீர் தயாராக இருந்தது. அம்மா கேட்டது ஒன்றுதான்: "தடி போட்டுத்தான் விழுத்தினவையோ?" கையுறைக் கடதாசியை எடுத்துக் காட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, அதில் தனக்கு எத்தனை வந்திருக்கும் என்று கேட்டார். எங்கள் பகுதி மருத்துவமாது ஐந்தாம் நாளும் ஒன்பதாம் நாளும் மோட்டார் சைக்கிளில் வந்து தையலையும் தொப்புளையும் பார்த்தார். முதல் நாள் பாதையில் இன்னும் தண்ணீர் நின்றது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஆறாம் வாரக் கிளினிக்குக்குப் போனபோது விடுதி வாசலிலுள்ள ஆலோசனைப் பெட்டிக்குள் ஒரு கடிதம் போட்டேன். நுளம்பு வலை, வழுக்கும் தரை, வாசலுக்கு வந்து சொல்லும் ஒரு வசனம் என்று மூன்றையும் எழுதிவிட்டு, நோ தூண்டுவதற்காக அனுமதிக்கப்படும் தாய்மாருக்குக் கொடுக்க ஒரு பக்கத் தமிழ் விளக்கத்தையும் நானே எழுதி இணைத்தேன்: ஐந்து அம்சம், 13 புள்ளி, குழாய் என்றால் என்ன, எப்போது விழும், துளி ஏன் கூட்டுகிறார்கள். பிரதி எடுக்கும் செலவைத் தருவதாகவும் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

போகவிருப்பவர்களுக்கு: குறைந்தது நான்கு நாள் கணக்கு வைத்துக்கொண்டு போங்கள். முன்பக்கம் திறக்கும் சோட்டி மூன்று, பழஞ்சீலைத் துண்டுகள், சுடுதண்ணீர்ப் போத்தல், வழுக்காத செருப்பு, நுளம்பு வலை, ஒரு பேனை. தொலைபேசிக்கு மின்னேற்றும் துளை நான் இருந்த விடுதியில் இரண்டே இரண்டு; தாதியர் மேசைக்கு அருகிலுள்ளதில் போட்டால் காலையில் அது உங்கள் சாஜராக இருக்காது.